நாசிக் கும்பமேளா 2027: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2027 இல் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், நாசிக்கிலும் அதற்குப் பக்கத்துத் திரியம்பகேஸ்வரத்திலும் கும்பமேளா. கோதாவரியில் நீராட வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் பலர் இப்போதே கணக்குப் போடுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிற பிள்ளைகள். அவர்கள் கேட்கிற கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கும்பமேளா 2025 இல முடிஞ்சுதுதானே? பிறகு என்ன 2027 இல இன்னொண்டு?

2025 இல் நடந்தது பிரயாக்ராஜில். ஜனவரி 13 இல் தொடங்கி மகா சிவராத்திரியான பெப்ரவரி 26 இல் முடிந்தது. கும்பமேளா நான்கு இடங்களில் நடக்கிறது: கங்கையும் யமுனையும் கூடுகிற பிரயாக்ராஜ், கங்கைக்கரை ஹரித்துவார், கோதாவரிக்கரை நாசிக், சிப்ரா ஆற்றங்கரை உஜ்ஜயினி. பாற்கடல் கடைந்தபோது கிடைத்த அமிர்த குடத்திலிருந்து துளிகள் சிந்திய இடங்கள் இவை என்பது ஐதீகம். எந்த இடம், எந்த வருசம் என்பதைத் தீர்மானிக்கிறது வியாழன். வியாழன் இடபத்தில் நிற்கச் சூரியன் மகரத்துக்கு வந்தால் பிரயாக்ராஜ். வியாழன் கும்பத்திலும் சூரியன் மேடத்திலும் என்றால் ஹரித்துவார். சிம்மத்துக்கு வியாழன் வந்தால் நாசிக்கும் உஜ்ஜயினியும். அதனால்தான் இந்த இரண்டையும் சிம்மஸ்தம் என்கிறார்கள். வியாழன் ஒரு சுற்று வரப் பன்னிரண்டு வருசம் அளவில் எடுக்கும். நாசிக்கில் போன முறை நடந்தது 2015 இல்.

எந்தத் திகதியளில நீராட்டு?

2026 ஒக்ரோபர் 31 இல் கொடியேற்றம். அகாடாக்கள் என்கிற சாதுக்களின் மடங்கள் ஊர்வலமாக வந்து நீராடுகிற பெரிய நாட்கள் மூன்று: 2027 ஓகஸ்ட் 2, ஓகஸ்ட் 31, பிறகு செப்ரெம்பரில் நாசிக்குக்கு 11 ஆம் திகதி, திரியம்பகேஸ்வரத்துக்கு 12 ஆம் திகதி. முன்பு ஷாஹி ஸ்நானம் என்று சொல்லப்பட்ட இவற்றை இப்போது அமிர்த ஸ்நானம் என்கிறார்கள். கொடி இறங்குவது 2028 ஜூலை 24 இல்.

பிரயாக்ராஜ் மேளா ஒன்றரை மாதம். நாசிக் மேளாவோ கிட்டத்தட்ட இருபத்தொரு மாதம். வியாழன் சிம்மத்துக்குள் வந்து, வக்கிரமாகிப் பின்னே போய், திரும்பி வந்து, கன்னியை எட்டிப் பார்த்து, மறுபடி சிம்மத்துக்கு வந்து போகிற காலம் முழுவதையும் கணக்கெடுத்துத்தான் கொடி பறக்கிறது. தொலைக்காட்சியில் காட்டுகிற அந்த மூன்று நாள்தான் கும்பமேளா என்று நினைத்துவிட வேண்டாம்.

ஓகஸ்ட் 2 எங்கட ஆடி அமாவாசையெல்லோ? கீரிமலைக்குப் போறதோ, நாசிக்குக்குப் போறதோ?

ஆம், அன்றைக்குத்தான் ஆடி அமாவாசை. திங்கட்கிழமையில் வருகிற அமாவாசை என்பதால் வடஇந்தியர்களுக்கு அது இன்னும் விசேசம். அதோடு அன்று சூரிய கிரகணமும் இருக்கிறது. முழுக் கிரகணம் தெரிவது எகிப்து, சவூதி அரேபியா பக்கத்தில். இந்தியாவின் மேற்குப் பகுதியில் பின்னேரம் பகுதிக் கிரகணமாகத் தெரியும். கிரகணம் பிடிக்கும்போதும் விடும்போதும் நீராடுகிற வழக்கம் எங்களைப் போல அவர்களுக்கும் உண்டு. அமிர்த ஸ்நானம், திங்கள் அமாவாசை, கிரகணம் மூன்றும் ஒரே நாளில், ஒரே ஆற்றங்கரையில். அன்று அங்கே கூடப்போகிற சனத்தை நினைத்துப் பாருங்கள்.

என் பதில்: தகப்பனை இழந்தவர்கள் அன்று கீரிமலையில் இருங்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கீரிமலைக்குத் தீர்த்தமாட வருகிற நாள் அது. நகுலமுனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் நீங்கிய தீர்த்தம் என்று தலைமுறை தலைமுறையாக நாங்கள் நம்புகிற இடம் அது. பிதிர்க்கடன் செய்து, விரதச் சமையலில் காத்தோட்டிக்காயும் சேர்த்துப் படைத்து, காகத்துக்கு வைத்துச் சாப்பிடுகிற முறை எங்களுக்கு இருக்கிறது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அந்தப் பகுதி கிடந்த காலத்தில் அந்தக் கேணியில் கால் நனைக்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. இப்போது போகக்கூடியதாக இருக்கிறபோது, அந்த நாளில் கீரிமலையை விட்டுவிட்டு இன்னொரு நாட்டின் நெரிசலுக்குள் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வராது. நாசிக்குக்கு வேறு நாள் இருக்கிறது.

அப்ப எந்த நாளில போனா நல்லது?

பெரிய நாட்களைத் தவிர்த்த ஒரு சாதாரண நாளில். இதை எத்தனை தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அமிர்த ஸ்நானம் அகாடாக்களுக்குரிய நாள். அன்று முதலில் இறங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்காகத் துறைகள் ஒதுக்கப்படும், வீதிகள் மூடப்படும், வாகனங்கள் நகரத்துக்கு வெளியிலேயே நிறுத்தப்படும். பக்தர்கள் பல கிலோமீற்றர் நடந்து வந்து, இறங்கி, உடனே ஏற வேண்டியதுதான். சங்கற்பம் சொல்லி மூன்று முழுக்குப் போட்டு, கரையில் நின்று சூரியனைக் கும்பிட நேரம் கிடைக்காது. வியாழன் சிம்மத்தில் நிற்கிற எல்லா நாளும் கோதாவரி தீர்த்தம்தான் என்பது நாசிக்கின் நம்பிக்கை. அப்படியிருக்க அந்த மூன்று நாளை மட்டும் பிடித்துத் தொங்கத் தேவையில்லை.

நான் தெரிவு செய்வது 2027 ஒக்ரோபர். மழை ஓய்ந்திருக்கும், ஆறு தெளிந்திருக்கும், மலைகள் பச்சையாக இருக்கும், வியாழனும் சிம்மத்தில்தான். நவராத்திரி நாட்களில் நாசிக்கிலிருந்து சற்றுத் தூரத்திலுள்ள சப்தசிருங்கி அம்மன் மலைக்குப் பெருங்கூட்டம் போகும். அந்த நாட்களை மட்டும் விலக்கினால் போதும். பங்குனிக்குப் பிறகு வெயில் கடுமை, வயதானவர்களுக்கு ஆகாது.

சாதுக்களின் ஊர்வலத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்கிற இளந்தாரிகள் ஓகஸ்ட் 31 க்குப் போங்கள். ஆனால் தனியாகப் போங்கள். முதியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

நாசிக்கிலயோ திரியம்பகேஸ்வரத்திலயோ முழுகிறது?

இரண்டிலும்தான். இரண்டுக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர் அளவு. நாசிக்கில் நீராட்டு நடப்பது ராம்குண்டத்தில், பஞ்சவடிக்குப் பக்கத்தில். இராமர் வனவாசத்தில் தங்கியதாகச் சொல்லப்படும் பஞ்சவடி இதுதான். திரியம்பகேஸ்வரத்தில் நீராட்டு குசாவர்த்த தீர்த்தத்தில். இரு கூட்டத்துச் சாதுக்களுக்கும் இடையில் பழைய காலத்தில் வந்த மோதலுக்குப் பிறகு, வைஷ்ணவ அகாடாக்கள் நாசிக்கிலும் சைவ அகாடாக்கள் திரியம்பகேஸ்வரத்திலும் நீராடுவது என்று ஏற்பாடாகிவிட்டது. மொத்தம் பதின்மூன்று அகாடாக்களில் வைஷ்ணவர்களுடையவை மூன்று. சைவ அகாடாக்கள் ஏழோடு உதாசீனர், நிர்மலர் மடங்களும் திரியம்பகேஸ்வரத்துக்குத்தான் வருகின்றன.

சைவக் குடும்பங்களுக்கு என் மனம் சாய்கிற இடம் திரியம்பகேஸ்வரம். பன்னிரு சோதிலிங்கத் தலங்களில் ஒன்று. எங்களுக்கு நேர் எதிரே கடலுக்கு அப்பால் இருக்கிற இராமேசுவரமும் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான். ஊருக்குப் பின்னால் நிற்கிற பிரம்மகிரி மலையில்தான் கோதாவரி பிறக்கிறாள். அங்கே ஊற்றாகக் கசிகிற அதே ஆறு மகாராஷ்டிரம், தெலுங்கானா, ஆந்திரம் எல்லாம் கடந்து, 1,400 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வங்காள விரிகுடாவில் விழுகிறது. கங்கைக்கு அடுத்தபடி இந்தியாவுக்குள் நீளமான ஆறு அது.

கோயிலுக்குள் போனால் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் எதிர்பார்க்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிற லிங்கம் இருக்காது. ஆவுடையாரின் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் கட்டைவிரல் அளவில் மூன்று சிறு லிங்கங்கள், பிரமா, விஷ்ணு, உருத்திரன் என்று. வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு நேராகத் தெரியாது என்பதால் மேலே கண்ணாடி வைத்துக் காட்டுகிறார்கள். வரிசை நகர்கிற வேகத்தில் கண்ணாடியைத் தவறவிட்டால் தரிசனமே தவறிவிடும். உள்ளே நுழைந்ததுமே அண்ணாந்து பார்க்கும்படி அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிரம்மகிரி மலைக்கு நூற்றுக்கணக்கான படிகள். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். முழங்கால் நோவுக்காரர் கீழேயே நின்று கும்பிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில இருந்து எப்பிடிப் போறது?

பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் இருக்கிறது. சென்னைக்குப் பறக்கிற நேரம் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. சென்னையிலிருந்து மும்பைக்கு இன்னொரு விமானம். மும்பையிலிருந்து நாசிக்குக்கு ரயிலிலோ காரிலோ 170 கிலோமீற்றர் அளவு. ரயிலில் இறங்க வேண்டிய நிலையம் நாசிக் ரோடு. அங்கிருந்து நகரத்துக்கு ஓட்டோ, பஸ். நாசிக்கிலிருந்து திரியம்பகேஸ்வரத்துக்கு அரச பஸ் அடிக்கடி ஓடும், எஸ்.டி. என்று கேட்டால் காட்டுவார்கள்.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் போகிறது. மலிவுதான். ஆனால் மாரிக்கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நிற்கும், அந்தரத்தில் திகதியும் மாறும். கப்பலை நம்பி மும்பை விமான ரிக்கெட்டை அடுத்த நாளுக்கே போட்டுவிடாதீர்கள்.

இந்திய ரயில்களில் பொது முன்பதிவு பயணத்துக்கு 60 நாளுக்கு முன்னர் திறக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அதைவிட நீண்ட காலம், 365 நாள் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் தமிழ் பேசினாலும் அங்கே வெளிநாட்டவர்தான் என்பதை இந்த ஒரு விசயத்திலாவது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விசாவுக்குக் கொழும்புக்குப் போகவேணுமோ?

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தியாவின் இ-விசா கிடைக்கும், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். இந்திய அரசின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி இரட்டிப்புக் காசு வாங்குகிற தனியார் தளங்கள் நிறைய. முகவரியின் முடிவில் அரச தளத்துக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். கப்பலில் போகிறவர்கள் அந்த நுழைவிடத்துக்குத் தங்கள் விசா செல்லுமா என்று முதலே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். சந்தேகம் இருந்தால் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது.

தங்குமிடம்?

எல்லா விடுதியும், தர்மசாலையும், ஆச்சிரமமும் வெளிநாட்டவரை ஏற்காது. வெளிநாட்டவர் தங்கினால் அந்த விபரத்தை அரசுக்குப் படிவத்தில் பதிய வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். அந்தப் பதிவு வசதி இல்லாத இடங்களில், காசு கட்டிய பிறகும் இரவு பத்து மணிக்கு வாசலில் வைத்து இடமில்லை என்பார்கள். பதிவு செய்யும்போதே "நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர், எடுப்பீர்களா" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்திருங்கள். திரியம்பகேஸ்வரம் சின்ன ஊர், அறைகள் குறைவு. நாசிக்கில் தங்கி விடியற்காலையில் போய்வருவதே சுகம்.

ஓகஸ்ட்டில மழை எப்பிடி?

எங்களுக்கு மாரி ஐப்பசி கார்த்திகையில். அங்கே ஆனி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை. திரியம்பகேஸ்வரம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். அங்கே பெய்கிறதை மழை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அப்படி ஊற்றும். நாசிக்குக்கு மேலே கங்காபூர் அணை. அது நிரம்பித் திறந்துவிட்டால் ராம்குண்டமும் சுற்றியுள்ள சின்னக் கோயில்களும் தண்ணீருக்குள் போய்விடும். ஆற்றுப்படுகையிலேயே துதோண்டியா மாருதி என்று ஆள் உயரத்தைவிடப் பெரிய அனுமார் சிலை ஒன்று நிற்கிறது. நாசிக் சனங்கள் வெள்ளத்தை அளக்கிறது இந்த அனுமாரை வைத்துத்தான். முழங்காலுக்கு வந்தால் ஆறு பெருகுகிறது என்று அர்த்தம். இடுப்பு, நெஞ்சு என்று ஏற ஏறக் கரையோரக் கடைக்காரர் சாமான்களைக் கட்டத் தொடங்குவார்கள். நீங்கள் போகிற அன்று அனுமாரின் கால் தண்ணீருக்குள் இருந்தால் முதியவர்களை இறக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, அவர்களைப் படியில் இருத்தித் தலையில் ஊற்றுங்கள். அதுவும் தீர்த்தமாடினதுதான்.

சனநெரிசலை நினைக்கப் பயமாக் கிடக்கு. உண்மையாவே ஆபத்தோ?

ஆபத்துத்தான். 2025 ஜனவரி 29, தை அமாவாசையன்று, பிரயாக்ராஜில் விடியமுன் ஏற்பட்ட நெரிசலில் 30 பேர் இறந்ததாக அன்றைக்கே அதிகாரிகள் சொன்னார்கள். பெப்ரவரி 15 இல் மேளாவுக்குப் போகவென்று புதுடில்லி ரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தில் 18 பேர். நாசிக்கிலேயே 2003 இல், ராம்குண்டத்துக்குப் போகிற ஒடுங்கிய வீதியில் 39 பேர் இறந்தார்கள். சாது ஒருவர் வீசிய வெள்ளி நாணயங்களை எடுக்கச் சனம் குனிந்ததுதான் தொடக்கம் என்று அப்போது செய்திகள் வந்தன. இந்த மூன்றையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. மூன்றிலும் ஒரே பாடம் இருக்கிறது: ஒடுங்கிய வழி, இரு பக்கமும் அசைய முடியாத கூட்டம். ஆற்றுக்குள் இறந்தவர்கள் இல்லை. ஆற்றுக்குப் போகிற வழியில் இறந்தவர்கள்.

ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் தனி மனிதன் தன் காலில் நடப்பதில்லை, கூட்டம்தான் அவனை நடத்துகிறது. இறப்பு பெரும்பாலும் நெஞ்சு அமுக்கப்பட்டு மூச்சு விட முடியாமல் வருகிறது. ஆகவே கை இரண்டையும் மடித்து நெஞ்சுக்கு முன்னால், குத்துச்சண்டைக்காரர் பிடிப்பதுபோல் வையுங்கள். மூச்சுக்கு இடம் கிடைக்கும். செருப்புக் கழன்றாலும் போன் விழுந்தாலும் குனியக் கூடாது. எதிர்த்துத் தள்ள வேண்டாம். அலை தள்ளும்போது அதோடு போய், அது ஓய்கிற நேரத்தில் சரிவாகக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். சுவர், கம்பி வேலி ஓரம் நிற்க வேண்டாம். இவை கடைசி வழிகள். முதல் வழி அந்தக் கூட்டத்துக்குள் போகாமல் இருப்பதுதான். முன்னால் போகிறவர்களின் முதுகில் உங்கள் தோள் முட்டத் தொடங்கியதுமே, இன்னும் அசைய முடிகிறபோதே, திரும்பிவிடுங்கள். ஆறு நாளைக்கும் ஓடும்.

ஆரும் துலைஞ்சு போனா?

பிரயாக்ராஜ் மேளாவில் தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்க 1946 முதல் ஒரு தொண்டர் முகாம் நடக்கிறது. ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் பெயர் வாசிப்பார்கள். இப்போது எல்லா மேளாவிலும் கணினி வைத்த நிலையங்களும் வந்துவிட்டன, கோயா பாயா என்று கேட்டால் காட்டுவார்கள். ஆனால் எங்கட ஆட்களுக்கு இருக்கிற சிக்கல் வேறு. ஒலிபெருக்கியில் ஹிந்தியிலோ மராத்தியிலோ தன் பெயரைச் சொன்னாலும் அம்மம்மாவுக்கு அது தன் பெயர் என்று விளங்காது. பொலிஸ்காரரிடம் அவவுக்குப் பேசவும் தெரியாது.

அதனால் ஒவ்வொருவர் உடலிலும் ஒரு அட்டை இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர், "இலங்கையிலிருந்து வந்தவர், தமிழ் மட்டும் பேசுவார்", விடுதியின் பெயர், கூட வந்த இருவருடைய இந்திய நம்பர். மறுபக்கம் தமிழில் பெரிய எழுத்தில்: "இதைப் பொலிஸ்காரரிடம் காட்டவும். இருந்த இடத்தை விட்டு அசைய வேண்டாம்." பிளாஸ்ரிக் உறையில் போட்டு, பைக்குள் வைக்காமல் கழுத்தில் கட்டுங்கள். பை தொலைகிற நேரத்தில்தான் ஆளும் தொலைகிறது. காலையில் வெளிக்கிடும்போது ஒவ்வொருவரையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்று உடுத்த சேலையின் நிறத்தைப் பதற்றத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. அவசரத்துக்கு இந்தியா முழுவதும் 112.

அம்மாவுக்கு எழுபத்தைஞ்சு வயசு. பிறசரும் சீனி வருத்தமும். கூட்டிக்கொண்டு போகலாமோ?

சாதாரண நாளில், ஒருவர் அவவுக்கென்றே கூட நிற்பதாக இருந்தால் போகலாம். போக ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் காட்டி, மருந்துகளின் பெயரையும் அளவையும் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். மருந்தும் இன்சுலினும் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டிக்குள் போட்டால் பெட்டி வராத அன்று மருந்தும் இல்லை. தேவையான நாளைவிட ஒரு கிழமைக்குக் கூடவே எடுங்கள்.

இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். தீர்த்தமாடும்வரை வெறும் வயிறு என்று அம்மாமார் பிடிவாதம் பிடிப்பார்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர் சாப்பிடாமல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் சீனி இறங்கி மயங்கக்கூடும். ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கற்றும் சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். கேட்காவிட்டால் வைத்தியரைக் கொண்டே சொல்லுவியுங்கள். பிள்ளை சொல்லிக் கேட்காதவ டொக்டர் சொல்லிக் கேட்பா. காலில் புண் இருந்தால் மழைக்கால ஆற்றில் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் வருகிறது அந்த வழியால்தான். ஜீவனிப் பைக்கற், பனடோல், பழகிய செருப்பு கட்டாயம்.

தண்ணி சுத்தமோ? குடிக்கலாமோ?

முழுகலாம், குடிக்கக் கூடாது. 2025 பிரயாக்ராஜ் மேளாவின்போது இந்திய மத்திய மாசுக்கட்டுப்பாட்டுச் சபையே கங்கைநீரில் மலக்கிருமிகள் குளிப்பதற்கான அளவைத் தாண்டியிருந்த நாட்களைப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தது. நாசிக்கிலும் நகரக் கழிவு கோதாவரியில் கலப்பது பழைய வழக்கு. ஆற்றைத் தாய் என்று கும்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டியது அழுக்கைப் பற்றி, அறிக்கையைப் பற்றியல்ல. வாயை மூடி முழுகுங்கள், தீர்த்தத்தைத் தலையில் தெளியுங்கள், அறைக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். மாலையும் பிளாஸ்ரிக்கும் எண்ணெய்ப் போத்தலும் ஆற்றில் போடாதீர்கள்.

என்ன உடுத்துக்கொண்டு முழுகிறது?

எங்கட கிணற்றடிக் குறுக்குக்கட்டு அங்கே சரிவராது. பெண்கள் சோட்டியோ சல்வாரோ போட்டு இறங்குவதே வசதி. நனைந்த சேலை பாரம், காலைத் தடுக்கும். ஆண்களுக்கு வேட்டியைவிடச் சாரம் அல்லது அரைக்காற்சட்டை. நகை ஒன்றும் வேண்டாம். தாலிக்கொடியைக்கூட வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வந்த அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன், அது புத்தி. இருவர் இறங்கும்போது ஒருவர் கரையில் பொருட்களோடு நிற்கட்டும்.

பாசை?

மராத்தி, ஹிந்தி. தமிழ் கிடைக்காது. பானி தண்ணீர், கித்னா எவ்வளவு, கஹான் எங்கே. இந்த மூன்றும் போனிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலியும் போதும்.

சோறு கிடைக்குமோ?

கிடைக்கும். சோறும் பருப்பும் வரண் பாத் என்று சாதாரணக் கடையிலேயே வரும், உறைப்பில்லாதது, வயதானவர்களுக்கு நல்லது. மிசல் என்கிற உறைப்புக் குழம்பு நாசிக்கின் பெருமை. எங்கட நாக்குக்குப் பிடிக்கும். விரதக்காரருக்கு எங்கும் சவ்வரிசிக் கிச்சடி.

அப்பாவின்ர சாம்பல் கொஞ்சம் வைச்சிருக்கிறம். அங்க கரைக்கலாமோ?

கரைக்கலாம். ராம்குண்டத்தில் அஸ்தி கரைப்பது பெரும் வழக்கம். மகாராஷ்டிரம் முழுவதிலுமிருந்து அதற்காகவே வருகிறார்கள். எங்களில் பெரும்பாலும் கீரிமலைக் கடலில் கரைத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு கருமம் நிறைவாகிறது. ஆகவே காசி, நாசிக் என்று கொண்டுபோய்க் கரைக்காவிட்டால் குறை என்று ஒருவர் சொன்னால் கலங்க வேண்டாம். அது அப்பாவின் ஆசையாக இருந்திருந்தால், அல்லது உங்கள் மனம் கேட்டால், கொண்டுபோங்கள். விமானத்தில் எடுத்துச் செல்ல மரணச் சான்றிதழும் தகனம் செய்ததற்கான கடிதமும் ஆங்கிலத்தில் வேண்டும். கலம் இறுக மூடியிருக்க வேண்டும், உலோகமாக இல்லாவிட்டால் எக்ஸ்றே சோதனை சுலபம். ரிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

கரையில் புரோகிதர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கிரியை தொடங்க முன்னரே தட்சணையைப் பேசி முடியுங்கள். திரியம்பகேஸ்வரத்தில் நாராயண நாகபலி, திரிபிண்டி சிராத்தம் என்று பெரிய செலவிலான கிரியைகளும் நடக்கின்றன. துக்கத்தோடு நிற்கிறவரிடம் "இதைச் செய்யாவிட்டால் தோசம்" என்று ஒருவர் பயமுறுத்தினால், கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நாகா சாதுக்களைப் படம் எடுக்கலாமோ?

கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் துறவிகள், காட்சிப்பொருள் இல்லை. பெண்கள் நீராடுகிற பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது.

இவ்வளவு தூரம் ஏலாது. கிட்ட ஏதும் இல்லையோ?

இருக்கிறது. கும்பகோணம் மகாமகம். அதுவும் வியாழன் சிம்மத்தில் நிற்கும்போது, மாசிப் பௌர்ணமியில், பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு தரம். போனது 2016 பெப்ரவரி 22 இல். அடுத்தது 2028 இல். ஆறில்லை, குளம். ஆனால் கங்கை முதலான ஒன்பது நதிகளும் அந்த நாளில் குளத்துக்கு வருகின்றன என்பது ஐதீகம். திருச்சிக்கு விமானம், அங்கிருந்து பஸ்ஸில் கும்பகோணம், எல்லாம் தமிழ்ச் சனம், எங்கட சாப்பாடு. முழங்கால் ஏலாத அம்மாவுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் 1992 மகாமகத்திலும் நெரிசலில் பலர் இறந்தார்கள். அங்கேயும் பௌர்ணமி நாளை விட்டு, கொடியேறிய பிறகு வருகிற முன் நாட்களில் ஒன்றில் போய் முழுகிவிட்டு வாருங்கள்.

தீர்த்தம் கொண்டுவரலாமோ?

கொண்டுவரலாம். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆற்றங்கரையில் விற்கிற செம்புக் குடங்களின் மூடி இறுக்கமில்லை, ஈயம் வைத்து அடைத்தாலும் விமானத்தில் கசியும். திருகுமூடிப் பிளாஸ்ரிக் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, பழைய துவாய்க்குள் உருட்டி வையுங்கள். குசாவர்த்தத்தில் எடுக்கிறதாக இருந்தால் விடியற்காலையில், கூட்டம் இறங்க முன்னர் எடுங்கள்.